சண்முகவடிவின் சம்படம்

ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், மில் குடியிருப்பு ஏழாவது லைனில், உலகம்மாளின் எவர்சில்வர் சம்படம் அடுப்புமேடையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. வாசலில் பால்காரக் கொம்பையா இரண்டு தரம் மணியடித்து, மூன்றாம் தரம் "யக்கோவ், பாலு" என்று குரலும் கொடுத்துவிட்டான். இருபத்தாறு வருஷமாகப் பால் மணிச் சத்தத்துக்குச் சம்படத்தை எடுத்துக்கொண்டு போய் நீட்டிப் பழகிய கை அன்றைக்கும் தன் பாட்டுக்குப் போய் அதைப் பிடித்து இழுத்தது. சம்படம் வரவில்லை, தோள்பட்டைதான் பிடித்துக்கொண்டது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டதாக்கும் என்று கரண்டியை அடியில் கொடுத்து நெம்பிப் பார்த்தாள், கரண்டிக் காம்பு வளைந்தது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, ஒரு காலை மேடைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள், மூச்சு வாங்கியது. அறுபத்துமூன்று வயசுப் பெண்பிள்ளை, அரைப்படி அரிசி கொள்ளும் ஒரு மூடிபோட்ட பாத்திரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது அன்றைக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

"ஏ கொம்பையா, சம்படம் வரமாட்டேங்கு. நீ உள்ள வந்து ஊத்திட்டுப் போ."

கொம்பையா பதினெட்டு வருஷமாக அந்த வாசலில் பால் ஊற்றுகிறான், ஒருநாளும் நடையைத் தாண்டி உள்ளே வந்தவனில்லை. செருப்பைக் கழற்றிப்போட்டு, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுக்களைக்கு வந்து, தானும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். எருமை கன்றுக்கு மடி விடவில்லை என்று சொல்லும் அதே குரலில், "ஆமாக்கா, வரமாட்டேங்கு" என்றான். இருந்த இடத்திலேயே அதில் கால் லிட்டர் பாலை ஊற்றினான், கொசுறும் ஊற்றினான், போய்விட்டான். மறுநாளும் மணியடித்துவிட்டு நேராக அடுக்களைக்கே வந்தான்.

வேறு பாத்திரமே இல்லாத வீடு ஒன்றும் இல்லை அது. பரண் நிறைய அவளுடைய கல்யாணச் சீர் கிடந்தது, தவலையும் குத்துப்போணியும் அடுக்குச் சட்டியுமாக, பத்துப் பேருக்குப் பொங்குகிற அளவில். பிள்ளைகள் பிறந்து வீடு நிறையும் என்று அவளைப் பெற்றவர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தது. பிள்ளையும் பிறக்கவில்லை, புருஷன் பிரமநாயகமும் போய் இருபத்துநாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாத்திரங்களில் ஒற்றை ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டால் அடியோடு பிடித்துக்கொண்டு, சுரண்டுகிற சத்தம்தான் மிச்சம். அவளுக்கு அளவாக இருந்தது இந்தச் சம்படம் ஒன்றுதான். காலையில் பால், மத்தியானம் சோறு, ராத்திரி அதே சோற்றில் தண்ணீர் என்று மூன்று வேளையும் அதில்தான் கழிந்தது. முப்பத்தெட்டு வருஷத்து மேசை விசிறி, கல்யாணத்துக்கு வந்த டைம்பீஸ், தேய்ந்து தேய்ந்து பிறை மாதிரி ஆகிவிட்ட அரிவாள்மனை என்று அந்த வீட்டில் ஓய்வு எடுக்காமல் உழைக்கிற சாமான்கள் இன்னும் சில உண்டு. ஆனால் சம்படத்துக்கும் மற்றதுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. சம்படம் அவளுடையது இல்லை. அதன் கழுத்தில் புள்ளி குத்திக் குத்தி, 'சண்முகவடிவு 9.6.74' என்று எழுதியிருந்தது.

சண்முகவடிவு வேறு எங்கோ இல்லை, அடுத்த வீடுதான். லைன் வீடுகளில் இரண்டு அடுக்களைக்கும் நடுவே ஒற்றைக் கல் சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்மல் வரும். ஒரு காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு வடிவு கரண்டியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால், காப்பி ஆயிற்று, வா என்று அர்த்தம். உலகம்மாள் போட்டது போட்டபடி ஓடுவாள். இரண்டு பேரும் ஒரே டம்ளர் காப்பியை ஆற்றி ஆற்றிப் பங்கு வைத்துக் குடித்தார்கள். மில்லுக்குள்ளே எத்தனை நூற்புக் கதிர் ஓடுகிறது என்பது முதல் எந்த வீட்டில் எந்த மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்பது வரை பேசினார்கள். அந்த லைனில் ஔவையார் நோன்பை முன்னின்று நடத்தியதும் இவர்கள் இரண்டு பேர்தான். 'அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி' என்று மூன்று மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளில் வருகிற அந்த நோன்பில், ஆண் வாடையே ஆகாது. தொட்டில் பிள்ளையானாலும் ஆண் என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விட வேண்டும். உப்பில்லாமல் அவிக்கிற அந்தக் கொழுக்கட்டையை ஆண் தின்பது இருக்கட்டும், கண்ணால் பார்க்கவே கூடாது.

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின தை மாதம் உலகம்மாளுக்குக் காய்ச்சல். நோன்புக்கு வர முடியவில்லை. வடிவு தன் மகள் பகவதிக்குப் பேசியிருந்த சம்பந்தம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு நடத்திய நோன்பு அது. கொழுக்கட்டை வீட்டுப்படி தாண்டக் கூடாது என்று தெரிந்திருந்தும், கூட்டாளிக்கு இல்லாமல் தொண்டையில் இறங்காமல், இந்தச் சம்படத்தில் ஐந்து கொழுக்கட்டை போட்டு மூடி, "ஆம்பளைக கண்ணுல படாம தின்னுட்டி" என்று கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். காலை ஷிப்டு முடிந்து வந்த பிரமநாயகம், பசியில், காய்ச்சல்காரி அசந்து தூங்குகிற நேரத்தில், மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஏட்டி, உப்பே இல்லியே?" என்று வாய் நிறையக் கேட்டபோதுதான் அவள் விழித்தாள். அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். கொடுத்துவிட்டது வடிவு தப்பு, தின்றது பிரமநாயகம் தப்பு. மறுநாள் அதைச் சிரிக்கச் சிரிக்க வடிவிடம் போய்ச் சொன்னாளே, அது உலகம்மாள் தப்பு.

எட்டாம் நாள் பகவதியின் சம்பந்தம் முறிந்தது. பதினோரு குடம் வரிசை நிற்கிற குழாயடியில் வைத்து, "எம் மக தாலியில மண்ணப் போட்ட வாயி விளங்கவா செய்யும்?" என்று கேட்டாள் வடிவு. ஒன்றரை வருஷம் கழித்து, ஷிப்டு முடிந்து வந்து படுத்த பிரமநாயகம் எழுந்திருக்கவில்லை. பகவதிக்கு இதற்குள் வேறு நல்ல இடம் அமைந்து, ஓசூருக்கு வாழப் போய், முறிந்துபோன மாப்பிள்ளையின் முகம்கூட அவளுக்கு மறந்துவிட்டது. ஆனால் உலகம்மாளுக்கு அந்தக் கேள்வி மறக்குமா? துஷ்டி வீட்டு வாசல்வரை வடிவு வந்ததாகவும், நடையேறாமல் தெருவிலேயே நின்று அழுதுவிட்டுப் போனதாகவும் சொன்னார்கள். உலகம்மாள் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வடிவின் புருஷன் போனபோது இவளும் அப்படியே தன் வீட்டு வாசலில் நின்று அழுதாள். வடிவும் அதைப் பார்க்கவில்லை.

சண்டை வந்த அன்றைக்கே சம்படத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எப்படிக் கொடுப்பது? வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பினால், அந்தப் பக்கத்தில், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று தலை முழுகியதாக அர்த்தம். ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுத்தால், வலியப் போய் ஒட்டுகிறாள் என்று ஆகிவிடும். முழுகவும் மனசில்லை, ஒட்டவும் ரோஷம் விடவில்லை. பரணில் தூக்கிப் போட்டாள். ஒருநாள் மற்றப் பாத்திரமெல்லாம் தேய்க்காமல் கிடந்தபோது, இன்றைக்கு ஒருநாள்தானே என்று எடுத்துப் புழங்கினாள். அந்த ஒருநாள்தான் இருபத்தாறு வருஷம்.

சம்படம் கனத்துப்போன செய்தி அன்று சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு லைனுக்கும் போய்விட்டது. முதலில் பெண்கள் வந்தார்கள், பிறகு ஆண்கள் வந்தார்கள், பிறகு புஜத்தில் ரப்பர் பட்டை கட்டிய ஜிம் பையன்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பிப் போனார்கள். லாரி பட்டறையிலிருந்து ஜாக்கி கொண்டு வந்தார்கள். ஜாக்கியின் கம்பி வளைந்தது. நாலாம் நாள் அடுப்புமேடைக் கடப்பாக்கல்லில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல் விழவே, கொத்தனார் ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, செங்கல்லும் சிமெண்டுமாக மேடைக்கு அடியில் ஒரு தூண் எழுப்பினார். "மாதா கோயில் மணிக்கூண்டுக்கே நான் இவ்வளவு முட்டுக் குடுத்ததில்ல தாயி" என்றார். அதில் ஊற்றிய பால் பால் மாதிரிதான் இருந்தது, போட்ட சோறு சோறு மாதிரிதான் இருந்தது. மூடியும் திறந்து மூட வந்தது. கனம் அந்தச் சம்படத்துக்கு மட்டும்தான்.

உலகம்மாள் அதை இருந்த இடத்திலேயே சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கி, டம்ளரால் மொண்டு மொண்டு கழுவினாள். மேடை ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அதிலேயே சாப்பிட்டாள். யாரோ ஒருத்தி வந்து அதற்குக் குங்குமம் வைத்து ஒரு முழம் கதம்பத்தையும் சுற்றிவிட்டாள். "இதுல நான் கஞ்சி குடிக்கணும், அந்தாக்குல கழத்துட்டி" என்று உலகம்மாள் சத்தம் போட்டாள். சாமி ஆகாமல் போனாலும் சம்படம் வேறு விதங்களில் ஊருக்குப் பயன்பட்டது. பொய் சொல்கிறவனைக் கூட்டிக்கொண்டு வந்து, இதுமேல் கை வைத்துச் சொல் என்றார்கள். வாடகை வீட்டைக் காலி செய்ய மறுக்கிறவனை, 'உலகம்மா சம்படம் மாதிரி உக்காந்துட்டான்' என்று பேச ஆரம்பித்தார்கள். சம்பந்தம் பேச வந்த ஒரு வீட்டார், மாப்பிள்ளையை இங்கே கூட்டி வந்து தூக்கச் சொல்லி, முடியவில்லை என்று அவன் சிரித்ததைப் பார்த்து, தங்கமான பையன் என்று பெண்ணைக் கொடுத்தார்கள்.

எதிர்வீட்டு ரெஜினா டீச்சர்தான் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு முதன்முதலாக அந்தப் பெயரைப் படித்தாள். படித்ததும் நேராகத் தன் வீட்டுக்குப் போய் அலமாரியைக் குடைந்தாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது வீட்டில் இரவல் வாங்கிய இடியாப்ப உழக்கு, அவள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் பிழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கே அதைக் கழுவித் துடைத்து, ஒரு பிடி அரிசிமாவைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. யார் யார் வீட்டு முறுக்கு அச்சோ, குழிக் கரண்டியோ, பாக்குவெட்டியோ, பேர் வெட்டின தாம்பாளமோ, வருஷக் கணக்காகப் பிறத்தியார் வீட்டில் உழைத்துக்கொண்டிருந்ததெல்லாம், இதுவும் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது என்கிற பயத்தில் வெளியே வந்தன. ஒரு வாரம் முழுக்கப் பன்னிரண்டு லைனிலும் பெண்கள் கையில் எதையாவது ஏந்திக்கொண்டு எதிரும் புதிருமாகப் போனார்கள். எதுவும் வெறுமனே போகவில்லை. கடையில் சீனி தீர்ந்து, வெல்லம் தீர்ந்து, கடைசியில் பொரிகடலையும் தீர்ந்துபோயிற்று. பேசாமல் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டு பழைய பகை தீர்ந்தது, ஒன்று புதிதாகத் தொடங்கியது.

உலகம்மாள் வீட்டுக்கு யாரும் எதையும் திருப்பிக் கொண்டு வரவில்லை. அவள் யாருக்கும் எதையும் இரவல் கொடுத்ததில்லை, அவளிடம் யாரும் கேட்டதுமில்லை.

"பேரு யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும்லா யக்கா" என்றான் கொம்பையா ஒருநாள், பாலை ஊற்றிக்கொண்டே. "ஒரு எட்டு போயி அவுகளக் கூப்ட்டுட்டு வந்தா என்ன?"

"அவ சாமானம், அவதான் வந்து கேக்கணும். நீ பால மட்டும் ஊத்து."

அவளுக்குக் கோபம் வேறொன்றில் இருந்தது. சம்படம் கனத்த அந்த வாரத்திலிருந்து, சாயங்காலம் நாலு மணிக்குச் சுவரில் தட்டுக் கேட்டது. கரண்டியால் இரண்டு தட்டு. இருபத்தாறு வருஷம் தட்டாத சுவர். முதல்நாள் அவள் உடம்பு தன்னறியாமல் எழுந்து பாதி நடை போய்விட்டது. பிறகு நின்றுகொண்டாள். ஊரே சம்படத்தைப் பார்க்க வருகிறதே, அந்த நக்கல்தானே இது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்து அடுக்களையும் முன்போல இல்லை. குக்கர் மூன்று விசிலில் இறங்கும் வீட்டில் பதினொன்று, பன்னிரண்டு என்று ஊதியது. பால் தீய்ந்த வாடை அடிக்கடி வந்தது. எல்லாம் வேண்டுமென்றே, தன் காதுக்காகச் செய்வது என்று உலகம்மாள் பல்லைக் கடித்தாள். தட்டு ஒருநாளும் தவறவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மாதம் போயிற்று. ஊருக்குச் சம்படம் பழகிப்போய், பார்க்க வருகிறவர்கள் குறைந்து, பிறகு நின்றே போனார்கள். தை பிறந்தபோது அவள் அடுக்களைக்குள் வந்து போகிற ஒரே உயிர் கொம்பையாதான். அவன் பால் ஊற்றுகிற அந்த அரை நிமிஷத்துக்காக அவள் விடியுமுன் எழுந்து, தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை அவனிடம் சொல்ல முடியுமா?

மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பகவதி வந்தாள். வடிவின் மகள், நாற்பத்தாறு வயது, கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து ஆள் பாதியாகியிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"சித்தி, புதங்கெழம காலைல அம்மைய ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறேன். வீட்டப் பூட்டியிருவேன். சொல்லாமப் போகக் கூடாதுன்னு தோணுச்சு."

"எத்தன நாளைக்கு?"

"இனி வரவா போறாவ? அம்மைக்கு ஞாபகம் பூராப் போயிட்டு சித்தி. எந்தப் பொழுது எந்த வருசத்துல இருப்பாவன்னு அவுகளுக்கே தெரியாது. நேத்து என்ன யாருன்னு கேக்காவ. ஆடி மாசமே தொடங்கிட்டு. ரெண்டாஞ் செவ்வா அன்னைக்குப் பால அடுப்புல வச்சுட்டு, பூட்டிக் கெடக்க மில் கேட்டுல போயி நின்னு, அப்பா ஷிப்டு விட்டு வருவாவன்னு நின்னிருக்காவ. நல்ல வேளைக்குத் தெரிஞ்சவுக பாத்து எனக்கு போன் போட்டாவ. அதுலருந்து யாருட்டயும் சொல்லிக்கிடாம ஓசூருக்கும் இங்கயுமா அலையுதேன்."

ஆடி இரண்டாவது செவ்வாய். உலகம்மாள் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மில்லில் பஞ்சுப்பொதி தூக்குகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு பேர் பிடித்த பொதியை ஒருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டால், மற்றவன் இடுப்பு முறிந்துவிடும். இருபத்தாறு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தப் பக்கம் இவள் தினமும் சம்படத்தை ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டு போய்ப் பால் வாங்கினாள். வடிவு பிடியை விட்டுவிட்டாள். நாலு மணித் தட்டு நக்கல் இல்லை. காப்பி ஆயிற்று, வா என்றுதான் ஏழு மாதமாக அவள் தட்டியிருக்கிறாள். உலகம்மாளுக்கு அழுகை வரவில்லை, தன்மேலேயே ஆத்திரம்தான் வந்தது.

"செவ்வாக்கெழம சாயங்காலம் நான் வாரேன்" என்றாள். "அவ சம்படம் எங்கிட்ட கெடக்கு. வெறுமனே குடுத்துவிட மாட்டேன்."

புதன்கிழமை காலை கார் கிளம்பிவிட்டால், பிறகு அந்தச் சம்படம் சாகிறவரைக்கும் அவள் ஒருத்தி தலையில்தான். மாசி கடைசிச் செவ்வாய்க்கு அவள் பச்சரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, உப்பில்லாமல் பிசைந்தாள். தாலி இழந்த கைக்கு இந்தப் பிசைவு ஆகுமா என்று ஒரு நிமிஷம் தயங்கி, ஔவையாருக்கு மட்டும் தாலியா இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொம்பையாவை, "இன்னைக்கு ஆம்பளைக உள்ள வரக்கூடாது" என்று வாசலிலேயே நிறுத்தி ஒரு செம்பில் பால் வாங்கினாள். கொழுக்கட்டை வெந்ததும் ஐந்தை எண்ணிச் சம்படத்தில் போட்டு மூடினாள். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, இருபத்தாறு வருஷமாகப் போகாத எட்டு அடி தூரத்தைப் போய், அடுத்த வீட்டு நடையேறினாள்.

வடிவு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. மகள் வாரிப் பின்னலிட்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாகக் குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் முதுகு பார்த்துப் பழகிய மனுஷி முகத்தை நிமிர்த்தி இவளைப் பார்த்தாள். உலகம்மாள் என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றாள்.

"ஏட்டி உலகு, காய்ச்ச விட்டுட்டா?" என்றாள் வடிவு.

உலகம்மாள் தலையை ஆட்டினாள். கையைப் பிடித்து மெதுவாகத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பகவதி பின்னால் வந்தாள், அதற்குப் பின்னால் ரெஜினா டீச்சரும் லைன் பெண்களும் வாசல்வரை வந்து நின்றார்கள். வடிவு அடுக்களையை ஒரு சுற்றுப் பார்த்தாள், செங்கல் தூணைப் பார்த்தாள், சம்படத்தைப் பார்த்தாள்.

"கொழுக்கட்டையத் தின்னியா? ஆம்பளைக கண்ணுல படாம வச்சிருந்தியாட்டி?"

இந்தக் கேள்விக்கு உலகம்மாளிடம் இருபத்தாறு வருஷத்துப் பதில் இருந்தது. சோறு வடிக்கிறபோதும் பாத்திரம் துலக்குகிறபோதும் அவள் அந்தச் சுவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிக் கூர் தீட்டி வைத்த பதில்கள், ஒன்று மாற்றி ஒன்று, கேட்டால் கல்லும் வெடிக்கும். அதில் ஒன்றுகூட அப்போது வரவில்லை. இல்லக்கா, யார் கண்ணுலயும் படல என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், வாய் நிறையக் கொழுக்கட்டையோடு உப்பே இல்லியே என்று கேட்ட அந்த மனுஷர் எங்கே போவார்? அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை வைத்திருக்கிறவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதானே. பழைய வார்த்தையே வந்தது.

"அவுக ஷிப்டு முடிஞ்சு வந்து, மூடியத் தொறந்து ஒண்ண எடுத்து வாயில போட்டுட்டாவக்கா. உப்பே இல்லியேன்னு வேற கேக்காவ."

வடிவு அவளையே பார்த்தாள். வாசலில் நின்ற பகவதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வடிவின் வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் அவள் சிரித்தாள்.

"தின்னாத் தின்னுட்டுப் போகட்டும், பாவம் தம்பி. பசிச்ச வயித்துக்கு நோம்பு எங்க தெரியும்? நீ எதுக்குட்டி அழுத?"

அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடிகிற வார்த்தை. அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் இந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் இருபத்தாறு வருஷம் தனித் தனியாக வேக வைத்துத் தனித் தனியாகத் தின்றிருக்க வேண்டாம். சொன்னவளுக்குத் தான் எதை மன்னித்தோம் என்று தெரியாது. கேட்டவள் அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போய்க் காட்டுவாள்?

"சரிட்டி, நேரமாச்சு. ஒங்க அண்ணாச்சி ஷிப்டு விட்டு வந்துருவாவ" என்று சொல்லி, வடிவு சம்படத்தின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கடப்பாக்கல்லில் ஒரு வட்டப் பள்ளம் மட்டும் கிடந்தது. ஜாக்கி வளைந்ததைப் பார்த்த ஊர் அது, யாரும் ஆச்சரியப்படவில்லை. "அவுக பாத்திரம், அவுக எடுத்துட்டுப் போறாவ" என்றான் தெருவில் நின்ற கொம்பையா, சாயங்காலப் பாலுக்குப் போகிற வழியில்.

புதன்கிழமை காலை கார் வந்தது. மூட்டைகளை ஏற்றினார்கள். உலகம்மாள் தன் வாசலில் நின்றாள். பகவதி கையைப் பிடித்து ஏற்றப் போகும்போது, வடிவு சட்டென்று கையை உதறிவிட்டு உள்ளே போய், சம்படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நேராக உலகம்மாளிடம் வந்தாள்.

"இது உங்க வீட்டுச் சம்படமாம்மா? எங்க அடுக்களைல கெடந்துச்சு. யாரு வீட்டுதோ தெரியல, வெறுமனே குடுக்கக் கூடாதுல்லா, ஒரு பிடி சீனி போட்ருக்கேன். வாங்கிக்கிடுங்க."

'ஏட்டி' போய்விட்டது. 'வாங்கிக்கிடுங்க' என்கிறாள். அந்தக் கண்ணில் முந்தின நாள் இல்லை, குழாயடி இல்லை, காய்ச்சல் இல்லை. அடுத்த வீட்டு வாசலில் நிற்கிற யாரோ ஒரு வயசான அம்மாவுக்குக் காட்டுகிற மரியாதை மட்டும் இருந்தது. கழுத்தில் புள்ளி குத்தியிருந்த பெயரை அவள் விரல் தடவிக்கொண்டிருந்தது, படிக்கவில்லை.

"ஆமா" என்றாள் உலகம்மாள். "எங்க வீட்டுதுதான்."

ஏழு மாதப் பழக்கத்தில், காலை அகட்டி ஊன்றி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு வாங்கினாள். ஒன்றுமே இல்லை. கை வேகத்தில் மேலே எழும்பி, மூடி விலகி, கொஞ்சம் சீனி நெஞ்சில் கொட்டியது. கார் போய்விட்டது. அன்று நாலு மணிக்கு அவள் காப்பி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு காம்பு வளைந்த அந்தக் கரண்டியை எடுத்துச் சுவரில் தானே இரண்டு தட்டுத் தட்டினாள். சாமான் இல்லாத வீட்டில் சத்தம் உள்ளே போய்ச் சுற்றித் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை காலை கொம்பையா மணியடித்துவிட்டு, வழக்கம்போலச் செருப்பைக் கழற்றக் காலைத் தூக்கினான். உலகம்மாள் சம்படத்தை நீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"எந்திரிச்சிட்டாக்கும்" என்றான். கழற்றின செருப்பை மாட்டிக்கொண்டு, கால் லிட்டரை அளந்து ஊற்றி, கொசுறும் ஊற்றி, அடுத்த வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டு அதற்கடுத்த வீட்டுக்கு மணியடித்துக்கொண்டு போனான். இனி அவனுக்கு உள்ளே வர வேலை இல்லை. பால் கால்வாசிக்கு நின்றது. சம்படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கொஞ்சமாவது கனக்காதா, கொஞ்சமாவது கனக்காதா என்று உலகம்மாள் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள்.